பாப்பா இப்பதான் தூங்குறா

ராத்திரி ரெண்டேகால் மணி. சண்டை நடக்கிற ஊர். ரோட்டுல ஒரு விளக்கு கிடையாது... வெளிச்சம் தெரிஞ்சா மேலேருந்து குண்டு விழும். அந்த இருட்டுல ஒத்தையா ஒரு வண்டி போகுது. பிண வண்டி.

கிட்ட வந்து உட்காருங்க. இது என் சிநேகிதனோட சித்தப்பாவுக்கு நடந்தது. அவர்தான் டிரைவர். பட்டப்பேரு ஆமை. அவ்வளவு மெதுவா ஓட்டுவாரு. "யோவ் ஆமை, குலுங்கினா உள்ள இருக்கிறவங்க கோச்சுக்கவா போறாங்க?"ன்னு கூட வேலை பார்க்கிறவங்க ஓட்டுவாங்க. சிரிச்சுக்குவாரு.

அந்தச் சிரிப்பும் போச்சு. அவர் குடியிருந்த தெருவுல குண்டு விழுந்து நாலு நாளு. பொண்டாட்டியையும் பத்து மாசப் பொண்ணையும் காணோம். அவ நம்பருக்கு அடிச்சுக்கிட்டே இருக்காரு. ரிங் போகுது... எடுக்கத்தான் ஆளில்ல.

அந்த வேலையில ஒரு ரூல் உண்டு. பையில போட்ட உடம்பை வண்டியில ஏத்துறதுக்கு முன்னாடி, டிரைவர் அவங்க செல்ஃபோனை அணைச்சிடணும். பட்டாளத்துக்காரனோ, பால் வாங்கப் போனவனோ, யாரா இருந்தாலும். ஆமைக்கு மட்டும் மனசு வரல. அந்தப் பக்கம் தன்னை மாதிரி ஒருத்தன் அடிச்சுக்கிட்டு இருப்பானே... அணைக்காம விட்டுட்டாரு.

அன்னிக்குப் பதினொரு பை. மத்தவங்க கட்டி வச்சதை அப்படியே ஏத்தியாச்சு. முகம் பார்க்க நேரமில்ல. தலைக்கு மேல ட்ரோன்... ங்ஙொய்ய்னு கொசு மாதிரி. முதல் தடவையா அழுத்தி மிதிச்சாரு. டீசல் நாத்தம், பினாயில் நாத்தம். பின்னாடி ஒரு ஃபோன் அடிக்குது. நின்னுச்சு. இன்னொண்ணு அடிக்குது...

மனுஷனுக்குத் தாங்கல. ஒரு கையில ஸ்டியரிங். இன்னொரு கையால அவ நம்பரை அழுத்தினாரு.

எடுத்துட்டாங்க.

"என்னங்க..." அவளேதான். குசுகுசுன்னு பேசுறா. "மெதுவா ஓட்டுங்க. பாப்பா இப்பதான் தூங்குறா."

சடக்குனு பிரேக்கை மிதிச்சாரு. வளைவுல வண்டி ஆடி நின்னுச்சு. பைகள் சர்ருனு வழுக்கி முன்பக்கம் மோதுச்சு... வீல்னு ஒரு குழந்தை அழுகை. ஃபோன்ல இல்ல. பின்னாடி.

ஓடிப்போய்க் கதவைத் திறந்தாரு. அழுகை நின்னுபோச்சு. ஒவ்வொரு ஜிப்பா இழுத்தாரு. பட்டாளத்து உடுப்புல மீசை முளைக்காத பசங்க. ஒரு கிழவர். ஏழாவது பையில... அவ. கையில ஃபோன் ரெண்டா உடைஞ்சு, பேட்டரியே இல்லாம. இன்னொரு கை நெஞ்சோட மடங்கியிருக்கு, எதையோ அணைச்ச மாதிரி. அதுக்குள்ள ஒண்ணுமில்ல. குழந்தை எந்தப் பையிலயும் இல்ல. இடிபாட்டைத் தோண்டியும் கிடைக்கல.

சித்தப்பா வேலையை விடல. மத்த இடமெல்லாம் அதே ஆமைதான். அந்த வளைவு வந்தா மட்டும் வேணும்னே வண்டியை விரட்டி, சடக்குனு பிரேக் போடுவாரு. இன்ஜினை அணைச்சுட்டுக் காதைக் கொடுத்து உட்கார்ந்திருப்பாரு. "பாப்பா முழிச்சாத்தானே எங்க இருக்கான்னு தெரியும்"பாரு.

எட்டு மாசம் ஆச்சு. இப்பல்லாம் பின்னாடி பாப்பா அழறதில்லையாம்...

"அப்பா"ன்னு கூப்பிடுதாம்.