மேலகரத்தில் மட்டும் அணையாத வண்டி

— இஞ்சினு திரும்பவும் அணைஞ்சிட்டா, ஆதம் பாய்?

— அணைஞ்சிட்டுவே. மிதிச்சா சிங்கமா உறுமுது, கால எடுத்தா பொசுக்குனு போயிருது. கார்புரேட்டரு புதுசு, பிளக்கு புதுசு, பாயின்ட்டு புதுசு. காத்துக் கசியுதான்னு கேஸ்கட்டு ஓரமெல்லாம் எண்ணெ விட்டுப் பாத்தாச்சு. இருவது வருசமா ஸ்பேனர் பிடிக்கேன் பலவேசம், இப்படி ஒரு சவத்தப் பாத்ததில்ல. மொதல்ல சக்கரத்துக்கு ஒரு கல்லு முட்டுக் குடும். நியூட்ரல்ல நிக்கு, எம் பட்டறை வாசலு சரிவு.

— கல்லு எதுக்கு? கை பிரேக்க இழுத்து வச்சிருக்கேன் பாத்துக்கிடும். உடும்புப்பிடி. நீரு இஞ்சினுக்கு வழி சொல்லும். நாளைக்குப் புனலூர் போயி எம்மவ செண்பகவல்லியத் தலப்பிரசவத்துக்குக் கூட்டியாரணும். நெறமாசக்காரிய வச்சிக்கிட்டு வரும்போது புளியரை இறக்கத்துல இது அணைஞ்சிட்டுன்னா?

— வேற டாக்சி பிடியும்.

— குத்தாலத்துல இது சாரல் சீசன். எந்த டாக்சிக்காரன் சும்மா இருக்கான்?

— சரி, எங்கன எங்கன அணையுது?

— நிறுத்துன எடமெல்லாம். ஸ்டாண்டுல, அருவிக்கரையில, ரயில்வே கேட்டுல. மேலகரத்துல நல்லதம்பி வீட்டு முன்னால மட்டும் அணையாது.

— போன மாசம் புளியரை இறக்கத்துல டாக்சியோட பள்ளத்துல விழுந்து செத்தானே, அந்த நல்லதம்பியா?

— அவந்தான். வீட்டுல வண்டிய அணைக்கவே மாட்டாம்லா. ஹாரன் அடிப்பான், பொண்டாட்டி மாடத்தி தூக்குச்சட்டியக் கொண்டாந்து நீட்டுவா, வாங்கிட்டுப் போயிருவான். நேத்து அங்கன நிறுத்துனேன். சாவிய எடுத்தும் இஞ்சினு ஓடுது பாய். அந்தப் பிள்ள மாடத்தி வாசலுக்கு ஓடியாந்து நின்னா. கையில தூக்குச்சட்டி.

— கரி பிடிச்சிருந்தா சாவிய எடுத்த பொறவும் ஓடும்வே.

— கரியாவது கிரியாவது! புதுசுன்னு சொல்லி அவன் வண்டி கார்புரேட்டரத்தான எனக்கு மாட்டிட்டீரு? பள்ளத்துல இருந்து எடுத்த சாமானெல்லாம் இங்கனதான வந்தது? கழத்திரும் பாய், கும்பிடுதேன்.

— அல்லா அறிய அது மதுரையில இருந்து வந்த புதுச் சாமான். அவனோடது அந்தா, சாக்குல கட்டுனபடியே கெடக்கு. அவன் வண்டியில இருந்து ஒரு ஆணி உம்ம வண்டிக்கு வரல. என்னவே, மொகம் இப்படி வெளுத்துட்டு?

— ஒண்ணு வந்திருக்கு பாய். நாந்தான் எடுத்தேன்.

— என்னத்த?

— கை பிரேக்குக் கம்பிய. சீசன்ல ஸ்டாண்டுக்காரங்க கேக்காமலே சாமான் மாத்திக்கிடுவோம், பொறவு சொல்லிக்கிடுவோம். அவன் செத்த அன்னைக்கு என் வண்டிக் கம்பி அறுந்துட்டு. அவன் அருவிக்குப் போயிருந்தான். கழத்தி மாட்டிட்டு, வந்ததும் சொல்லலாம்னு டீ குடிக்கப் போனேன். அதுக்குள்ள அவனுக்குச் சவாரி வந்து, தெரியாமலே வண்டிய எடுத்துட்டுப் போயிட்டான்.

— அடப்பாவி! கால் பிரேக்கு சரியில்லன்னு அவன் கை பிரேக்க நம்பித்தானவே ஓட்டிட்டு இருந்தான்? பெட்ரோல் மிச்சம்னு இறக்கத்துல இஞ்சின அணைச்சிட்டு வேற உருட்டுவான்.

— அன்னைக்கும் சவாரிய எறக்கிட்டுத் திரும்பும்போது அணைச்சிட்டுத்தான் வந்திருக்கான். ஒரு மாசமா நான் ஒறங்கல பாய். மாடத்திக்கிட்டச் சொல்ல வாய் வரல. அந்தக் கம்பியக் கழத்திரும். அத வச்சிக்கிட்டு எம்பிள்ளைய அந்த இறக்கத்துல கொண்டார மாட்டேன்.

— தள்ளும், அடியில படுக்கேன். அந்த லைட்டக் கொஞ்சம் சாச்சுப் பிடியும்... ஏம்வே பலவேசம், இங்கன கம்பியே இல்லையவே. ரெண்டு பக்கமும் வெறுங்கொக்கிதான் தொங்குது.

— இல்லையா? பாய், வெளிய வாரும், மெதுவா வாரும்... அப்ப இம்புட்டு நேரமும் இந்தச் சரிவுல வண்டியப் பிடிச்சிட்டு நிக்கது ஆரு?