மறுமொழி சொன்னவர்கள்

மாலை ஆறரை மணி. டென்மார்க்கில், கிரின்ஸ்டெட்டில் இருந்து மேற்குக் கடற்கரைக்குப் போகிற தெரு... இரண்டு பக்கமும் பைன் காடு. முன்னாலும் வாகனம் இல்லை, பின்னாலும் இல்லை. ஒக்டோபர் மழை கண்ணாடியில் சடசடவென்று அடிக்கிறது. அந்தத் தெருவில் ஒரு மனுசன் தனியாகக் கார் ஓட்டிக்கொண்டு போகிறார். பின் இருக்கையில், பெல்ட் போட்டபடி, ஒரு ரைஸ் குக்கர்.

சிரிக்க வேண்டாம். அவர் நம்முடைய விக்ரோரியாவின் பெரியப்பா, அந்தோனிதாசன். அவர் தன் வாயாலேயே அவளுக்குச் சொன்ன கதை இது. அந்தக் கதவை யாராவது இறுக்கிச் சாத்துங்கள், காற்று வருகிறது... ம்.

அது ஒரு குடும்பத்துக்கே சோறு வேகிற பெரிய குக்கர். ஒவ்வொரு வருடமும் இலையுதிர்கால விடுமுறைக்கு அவர்கள் கடற்கரையில் ஒரு மரவீட்டை வாடகைக்கு எடுப்பார்கள். அந்தோனிதாசன், மனைவி மேரிசெலின், மகன் யூட், மகள் சுஜீதா. முதல் நாள் நண்டுக்கறி. அடுத்த வாடகைக்காரன் வந்தாலும் அந்த வாசம் சுவரை விட்டுப் போயிருக்காது. பகலில் மணலில் நடப்பார்கள், பிள்ளைகள் சண்டை பிடிப்பார்கள். இருட்டினதும் செபமாலை. ஒக்டோபர் மாதாவின் மாதம் அல்லவா, ஊரில் இருந்தால் என்ன டென்மார்க்கில் இருந்தால் என்ன, தப்பவே முடியாது.

செபமாலையில், பத்துப் பத்து மணியாக, ஐந்து பத்துகள். முதல் பத்து அப்பா, இரண்டாவது அம்மா, பிறகு பிள்ளைகள், கடைசி மறுபடி அப்பா. ஒருவர் செபத்தின் முன்பாதியைச் சொல்ல, மற்றவர்கள் பின்பாதியை மறுமொழியாகச் சொல்வார்கள். முடிவில் ஒவ்வொருவரும் யாருக்காவது வேண்டிக்கொள்ள வேண்டும். யூட் தன் பரீட்சைக்கு வேண்டுவான், சுஜீதா பூனைக்குட்டிக்கு வேண்டுவாள். செலின் மட்டும் எப்போதும் கடைசியாக, ஒரே வரி. "நினைப்பாரில்லாத ஆத்துமாக்களுக்காக."

"அம்மா, அவையை உங்களுக்குத் தெரியுமோ?" என்று யூட் ஒருமுறை கேட்டான்.

"தெரியாதபடியால்தானே வேண்டுறன். தெரிஞ்சவைக்கு ஆக்கள் இருக்கினம்" என்றாள் செலின்.

அந்தச் செலின் பெப்ரவரியில் போய்விட்டாள். இந்த வருடம் வீடு பிடிக்கிறபோது அந்தோனிதாசன் பிள்ளைகளைக் கேட்டார்.

"அப்பா, எனக்கு இந்த முறை ஏலாது. வேலை" என்றான் யூட், கோப்பன்ஹேகனில் இருந்து.

சுஜீதா டேனிஷில் பதில் சொன்னாள். நத்தார்ப் பண்டிகைக்குப் பார்ப்போம் அப்பா, என்று.

"ஓம் பிள்ளை, பரவாயில்லை" என்று சொல்லிவிட்டார். பரவாயில்லையாம்! அந்தப் பொய்யைச் சொல்லாத தகப்பன் யார் இருக்கிறார்? தொழிற்சாலையிலும் பள்ளி விடுமுறைக்கு அடுத்த கிழமைதான் லீவு கிடைத்தது. ஆகவே அவர் போய்ச் சேர்ந்தபோது மணல்மேடுகளுக்கு நடுவே இருந்த வீடுகள் எல்லாம் இருண்டு கிடந்தன. ஒரு சன்னலிலும் வெளிச்சம் இல்லை. கடல் மட்டும் கேட்டது... உறுமிக்கொண்டே.

உள்ளே ஈர மரமும் பழைய சாம்பலும் மணத்தன. அடுப்பை மூட்டினார். செலினின் கம்பளிச் சட்டையில் சுற்றிக் கொண்டுவந்த மாதா சுரூபத்தை மேசையில் வைத்து, மெழுகுதிரி கொளுத்தி, முழங்காலில் இருந்தார். முன்பாதியைச் சொன்னார். நிறுத்தினார். யாரும் இல்லை. பின்பாதியையும் தானே சொன்னார். தனக்குத் தானே கை கொடுத்துக் குலுக்குவதுபோல இருந்தது அவருக்கு. ஐந்து பத்தும் அப்படியே. கடைசியில் "செலினுக்காக" என்றார். அவளுடைய வரிக்குரிய இடம் வெறுமையாகக் கிடந்தது. தாங்க முடியவில்லை. அவளுக்குப் பதிலாக, அவள் சொல்கிற மாதிரியே, அந்த வரியையும் சொல்லிவிட்டார்.

அவ்வளவுதான் அவர் செய்தது. வேறொன்றும் இல்லை.

மறுநாள் கடலைப் படம் எடுத்துப் பிள்ளைகளுக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பினார். யூட் ஒரு கட்டைவிரல் போட்டான். சுஜீதா பார்க்கவே இல்லை. குக்கரில் பழக்கதோஷத்தில் நிறையச் சோறு வைத்துவிட்டு, அரைவாசியைக் கொட்டினார். போனைக் கண்ணுக்கு முன்னால் வைத்துக்கொண்டே சாப்பிட்டார்.

இருட்டினது. முழங்காலில் இருந்தார். "அருள் நிறைந்த மரியே வாழ்க..." முன்பாதி முடிந்தது. மூச்சு வாங்க நிறுத்தினார்.

பக்கத்து அறையில் இருந்து மறுமொழி வந்தது.

சொல் விளங்கவில்லை. முணுமுணுப்புத்தான். ஆனால் ஏறும் இடத்தில் ஏறி, இறங்கும் இடத்தில் இறங்கி... கடைசியில் ஒரு சொல் மட்டும் தெளிவாக. "ஆமென்."

அந்தோனிதாசனின் பிடரி மயிர் குத்திட்டு நின்றது. எழும்பிப் போய் அந்தக் கதவைத் திறந்தார். இரண்டு கட்டில். விரிக்காத மெத்தை. பாசி மணம்... கடலில் நெடுநாள் கிடந்த கயிறு மணக்குமே, அது. ஆள் இல்லை.

நீங்கள் என்றால் காரை எடுத்துக்கொண்டு ஓடியிருப்பீர்கள். நானும்தான். அவர் ஓடவில்லை. ஏன் தெரியுமா? எட்டு மாதமாக அந்த மனுசனின் செபத்துக்கு மறுமொழி சொல்ல ஒரு வாய் இருக்கவில்லை. திரும்பி வந்து முழங்காலில் இருந்து அடுத்த மணியைத் தொட்டார். மறுமொழி வந்தது. அது செலினின் குரல் இல்லை, ஒரு கிழவரின் குரல். ஆனால் அவருக்கு ஓர் எண்ணம் விழுந்துவிட்டது. ஊர் பேர் தெரியாத ஒருவர் வரலாம் என்றால், செலின் ஏன் வரக்கூடாது? ஒரே ஒரு தடவை அவள் குரலைக் கேட்டால் போதும். பிறகு வீட்டுக்குப் போகலாம்.

அடுத்த மாலை இரண்டு மூன்று குரல்கள். அதற்கடுத்த மாலை ஓர் அறை நிறைய. ஆண்கள், இருமுகிறவர்கள், ஒரு சின்னப் பிள்ளை. மரத்தரை கிர்ர்... கிர்ர்... என்று முனகும், கனத்த ஈரச் சப்பாத்துகள் இடம் மாறி நிற்பதுபோல. அந்தோனிதாசன் கண்ணை மூடிக்கொண்டு ஒவ்வொரு குரலாகப் பிரித்துக் கேட்பார். செலின் இல்லை. செலின் இல்லை.

பகலில் வெள்ளையடித்த தேவாலயத்தின் பக்கம் நடந்து போனார். கல்லறைத் தோட்டத்தில் ஒரு பெண் சரளைக்கல்லை வாரிக்கொண்டிருந்தாள். மூலையில் ஒரு நீண்ட மேடு, பெயரில்லாத ஒரு கல். அது யாருடையது என்று கேட்டார்.

"கடல் கொண்டுவந்து போட்டவர்கள்" என்றாள் அவள். "எந்த நாடு, யாருடைய பிள்ளை, ஒன்றும் தெரியாது. பழைய காலத்து ஆட்கள்."

"இவர்களுக்காக யாரும் செபிப்பதில்லையா?"

அவள் அவரைப் புதினமாகப் பார்த்தாள். "இறந்தவர்களுக்காகவா? எங்கள் சபையில் அந்த வழக்கம் இல்லையே."

அந்தோனிதாசன் தலையாட்டிவிட்டு வந்தார். அன்றைக்கே மூட்டையைக் கட்டியிருக்க வேண்டும். கட்டவில்லை. செலின் இன்னும் வரவில்லையே.

கடைசி மாலை. விடிந்தால் வீட்டைக் கையளிக்க வேண்டும். அந்தக் கிழமை முழுவதும் போன் ஒருதடவைகூட அடிக்கவில்லை. அவர் அந்தப் பக்கத்து அறைக் கதவைத் தானே அகலத் திறந்து வைத்தார். உள்ளே கறுப்பு இருட்டு. முதல் பத்தைச் சொன்னார். மறுமொழி அலைபோல வந்தது, மெழுகுதிரி சாய்ந்து எரிந்தது. முதல் பத்து முடிந்தது. இரண்டாவது செலினின் முறை. அவர் தொடங்கவில்லை. வாயை மூடிக்கொண்டு காத்திருந்தார்.

"செலின்," என்றார் மெதுவாக. "உன்ர முறையப்பா."

நெடுநேரம் கடல்தான்.

பிறகு இருட்டில் ஒரு குரல் தொடங்கியது. ஆண் குரல். முன்பாதி... அதே முணுமுணுப்பு. அந்தோனிதாசனுக்கு அழுகை வந்துவிட்டது. இனி அவள் வரமாட்டாள் என்று அப்போதுதான் முழுதாக விளங்கியது. அவளுக்கு வேண்ட ஆள் இருக்கிறது. அழுதுகொண்டே மறுமொழி சொன்னார். மூன்றாவது பத்தை வேறொருவர் எடுத்தார். நான்காவதைச் சின்னப் பிள்ளை. ஐந்தாவதையும் அவர்களே எடுத்துக்கொண்டார்கள். பாசி மணம் மேசைவரை வந்துவிட்டது.

ஐந்தும் முடிந்தன. இப்போது வேண்டுதல். "செலினுக்காக" என்றார் அந்தோனிதாசன். பிள்ளைகளின் பெயரையும் சொன்னார். மிச்சம் இருந்தது அந்த ஒரு வரி. செலினின் இடம். அவர் அதைச் சொல்ல வாய் திறந்தார்...

உள்ளே இருந்து அந்தக் கிழவர் முந்திக்கொண்டார். இத்தனை நாளில் முதல்முறையாக, ஒரு சொல்லும் பிசகாமல், தெளிவாக. பழகாத நாக்கு, மெல்ல மெல்ல, இரக்கத்தோடு சொன்னது.

"அந்தோனிதாசனுக்காக."

"ஆமென்" என்றது அறை முழுவதும்.

மேசையில் போன் சும்மா கிடந்தது. அந்தோனிதாசன் அதைப் பார்த்தார். பிறகு அவரும் சொன்னார்.

"ஆமென்."