ஒரு கொறையும் இல்லீங்க

நல்லாக் கேட்ட போ! வேல மனசுக்கு நெறைவா இருக்குதான்னு... இதக் கேக்கத்தான் மரக்காணத்துல பஸ்ஸ வுட்டு எறங்கி இந்த வெயில்ல உப்பளத்துக்கு நடந்து வந்தியா? காலேஜு பொண்ணு, செருப்பக் கழட்டாதம்மா, உப்புத் தண்ணி கால அறுத்துடும். என் காலப் பாரு. பாத்துட்டியா? இப்ப நீ சொல்லு, நெறைவா?

இரு, கூடைய எறக்கிக்கறேன். ஆம்பளைங்க காலையில பலகையால உப்ப வாரி வுட்டுட்டு, தோ, அந்தக் கீத்துக் கொட்டாயில கால நீட்டிட்டாங்க. நாங்கதான் உச்சி வெயிலு வரைக்கும் செமக்கறோம். கூலியும் அவங்களுக்குத்தான் ஒசத்தி. அதுகூட போவட்டும்...

சுத்திப் பாரு. கண்ணுக்கு எட்டுன மட்டும் ஒரு பொதரு இருக்குதா? ஒதுங்கணும்னா எங்க போவோம்? உப்புக் குவியலுக்குப் பின்னாடி போனா அங்க வண்டிக்காரன் நிக்கறான்! அதனால விடிஞ்சதுலேந்து ஒரு சொட்டுத் தண்ணி குடிக்கறதில்ல. நாலு தட்டி கட்டி ஒரு மறைப்பு வேணும். அவ்ளோதாம்மா!

என்னா? அமெரிக்காவுல, ஜப்பான்லல்லாம் கேட்டாங்களா? கூலி கொறைச்சலானாலும் பொம்பளைங்கதான் திருப்தின்னு சொன்னாங்களா? ஐயே! பக்கத்துல மொதலாளி நின்னிருப்பான்!

எனக்குத் தெரியாதா... போன மாசம் எங்க மொதலாளி வந்தாரு. "வேலம்மா, நீதான் வாயாடி, மறைப்பு கேளு"ன்னு பொம்பளைங்க எல்லாருமா என்ன முன்னாடி தள்ளுனாளுங்க. அதுக்குள்ள பலகை புடிக்கற ராஜாங்கம் பட்டுனு, "வெயிலு மண்டையப் பொளக்குது"ன்னான். மறுவாரமே அவங்களுக்கு அந்தக் கொட்டாய் வந்துருச்சி. அவன் கேட்டு முடிச்சதும் மொதலாளி என்னண்ட திரும்பி, சிரிச்சிக்கிட்டு, "ஏம்மா, எதுனா கொறை?"ங்கறாரு. அவ்ளோ பெரிய மனுசன் சிரிச்சிக் கேக்கறப்ப இதப் போயி எப்டி... வாய் தானா, "ஒரு கொறையும் இல்லீங்க"ன்னுடுச்சி!

அன்னிலேந்து, கூட உப்பு செமக்கற அமராவதி எங்கூடப் பேசறதில்ல. கூடையக்கூட தூக்கி வுட மாட்டேங்கறா. "கொறைதான் இல்லியே, நீயே தூக்கிக்க"ங்கறா.

இன்னிக்கு சொல்லிடறேன், எழுதிக்க. மொத வேல, அந்த மறைப்பு... ஐயோ, மேஸ்திரி.

வாங்க மேஸ்திரி! சும்மாதான்... வேல எப்டி இருக்குதுன்னு இந்தப் பொண்ணு கேட்டுச்சி. எனக்கு என்னாங்க, ஒரு கொறையும் இல்லீங்க!

போயிட்டாரா? அப்பாடா... ஏம்மா, நீ எங்க கெளம்பிட்ட? இன்னாது, கொறை இல்லன்னதையா எழுதிட்ட? அடிம்மா, அடிச்சிடு! ஏ பொண்ணு... நில்லு!

சரி, போறதுதான் போற... இந்தக் கூடைய ஒரு கை தூக்கி வுட்டுட்டுப் போ!