ஒரு மணி நேரம் கூடுதலாக

உப்புக்காற்று படிந்த ஜன்னலுக்கு வினிகரும் பழைய செய்தித்தாளும்தான் சரி. கடையில் விற்கிற நீலத் தண்ணீர் கண்ணாடியில் கோடு கோடாகத் தங்கிவிடும். உன் அம்மாவைக் கேட்டுப் பார், கெத்தின். அவளுக்கு அதைச் சொல்லிக்கொடுத்ததே நான்தான். அந்தச் சனிக்கிழமையும் 'மோரன்' வீட்டு மாடி ஜன்னலை அப்படித்தான் துடைத்துக்கொண்டிருந்தேன்.

நிதானமாகவே எழுதிக்கொள். எனக்கு அவசரம் இல்லை. போலீஸ் உடுப்பில் இருந்தாலும் உன்னை நீ என்றுதான் என்னால் சொல்ல முடியும்.

போர்த்வென்னில் அலை நேரம் எழுதுவது என் வேலை. துறைமுகத்தில் விற்கிற சின்னப் புத்தகத்தில் வருஷம் முழுவதும் குளிர்கால நேரத்தைத்தான் அச்சடிக்கிறார்கள். கோடையில் நாமாக ஒரு மணி நேரம் கூட்டிக்கொள்ள வேண்டும். நமக்கு அது பழக்கம்; விடுமுறைக்கு வருகிறவர்களுக்குத் தெரியாது. அதனால் வெள்ளிக்கிழமைதோறும் நான் சுத்தம் செய்கிற ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு வாரத்துக்கான அட்டை எழுதி, பின்கதவுப் பக்கத்து ஆணியில் மாட்டுவேன். அலை வற்றும்போது மணலில் நடந்தே போகக்கூடிய துறவித் தீவிலிருந்து எத்தனை மணிக்குள் கிளம்பிவிட வேண்டும் என்பது சிவப்பு மையில் இருக்கும். முப்பத்தோரு வருஷமாக எழுதினேன். ஒருவருடைய காலணிகூட நனைந்ததில்லை.

மோரன் வீட்டு மாடி அறையில்தான் நான் பிறந்தேன். கல்குவாரி மூடியபோது அப்பா வீட்டை விற்றார். வெளியூரான செஷயரிலிருந்து வந்த ரூபர்ட்டின் தகப்பனார் விடுமுறைக்கு வந்து தங்க வாங்கினார்; அவருக்குப் பிறகு ரூபர்ட். அவர்கள் நல்லவர்கள். அதை எழுதிக்கொள். கிறிஸ்துமஸுக்கு எனக்குக் கம்பளிச் சால்வை அனுப்புவார்கள். நான் பிறந்த அறையின் படுக்கை விரிப்பை நானே மாற்றிவிட்டு வரும்போது, "நீங்க இல்லாட்டி நாங்க என்ன பண்ணுவோம், மென்னா" என்பாள் ரூபர்ட்டின் மனைவி ஹெலனா.

போன கிறிஸ்துமஸுக்கு ரூபர்ட் ஒரு வார்த்தை சொன்னார். "இந்த வீட்டைக் குடுக்கிறதா இருந்தா முதல்ல உங்க பொண்ணு லொவ்ரிக்குத்தான்." லொவ்ரி ரெக்சம் நகரத்தில் மூன்றாவது மாடியில் ஒற்றை அறையில் கைக்குழந்தையோடு இருக்கிறாள். நம் ஊர்ப் பள்ளிக்கூடத்தில் பதினோரு பிள்ளைகள்தான் மிச்சம். பன்னிரண்டாவது பிள்ளை யார் என்று நான் அன்றே முடிவு செய்துவிட்டேன். தொட்டிலுக்கு அளவுகூட எடுத்து வைத்தேன்.

ஆகஸ்ட் மாதம் அவர்கள் வந்தார்கள். தேநீர் ஊற்றிக்கொண்டிருந்தேன். ரூபர்ட் தொண்டையைச் செருமினார்.

"நாங்க யோசிச்சுப் பார்த்தோம், மென்னா. விக்க மனசு வரல. பசங்க இருக்காங்க இல்ல... அவங்களுக்காக வெச்சுக்கலாம்னு."

"அதுக்கென்ன, பிள்ளைங்கதானே முக்கியம்" என்றேன். அவருக்குச் சர்க்கரை இரண்டு கரண்டி. மறக்காமல் போட்டேன்.

அன்று சாயங்காலம் லொவ்ரிக்குப் போன் செய்தேன். அவள் சிரித்தாள்.

"விடும்மா. அந்த வீடு வேணும்னு நான் எப்ப சொன்னேன்? நீதான் சொல்லிட்டே இருந்தே. எனக்கு இங்க வேலை இருக்கு, சிநேகிதங்க இருக்காங்க. அங்க வந்து நான் என்ன பண்றது, கடற்காக்கைக்குச் சோறு போடறதா?"

சின்ன வயதிலிருந்தே அவள் அப்படித்தான். எது வேண்டுமோ அதை வேண்டாம் என்பாள். என் மனசு நோகக்கூடாது என்று சிரிக்கிறாள் என்று எனக்குத் தெரியாதா?

ஆகவே வெள்ளிக்கிழமை அட்டை எழுதினேன். ஆறு நாளும் சரியாக எழுதினேன். சனிக்கிழமைக்கு மட்டும் இரண்டு மணி நேரம் கூட்டினேன். மூன்று என்று இருக்க வேண்டியது நான்கு. ஆகஸ்டின் கடைசிச் சனிக்கிழமையான அன்று ரூபர்ட்டின் மகன் பியர்ஸுக்குப் பிறந்தநாள். ஒவ்வொரு வருஷமும் அவனும் தங்கை கிளெமியும் மணலில் நடந்து தீவுக்குப் போய்ச் சாப்பிட்டுவிட்டு வருவார்கள். அவனுக்குப் பத்தொன்பது, அவளுக்குப் பதினாறு. உலர்திராட்சை போட்ட பாரா பிரித் ரொட்டி சுட்டு, வெண்ணெய் தடவி, நானே பொட்டலம் கட்டிக் கொடுத்தேன்.

கிளெமி ஆணியருகே நின்று பார்த்தாள். "மென்னா ஆன்ட்டி, நாலு மணி வரைக்கும் டைம் இருக்கா?"

"அட்டையில என்ன போட்டிருக்கு, கண்ணு?"

"நாலுன்னுதான்."

"அப்புறம் என்ன?"

"இவ ஆடி அசைஞ்சு வந்தான்னா இவளை அங்கேயே விட்டுட்டு வந்துடுவேன்" என்றான் பியர்ஸ்.

"போடா, நீதான் ஆமை" என்று அவன் முதுகில் குத்தினாள் அவள்.

மணலில் பாதி தூரம் போனதும் கிளெமி திரும்பி மாடி ஜன்னலைப் பார்த்துக் கையசைத்தாள். நானும் அசைத்தேன். அசைக்காமல் இருந்தால் மரியாதையாக இருக்காது.

அலை ஏறும்போது, தீவுக்கும் கரைக்கும் நடுவில் இருக்கிற ஓடைதான் முதலில் நிறையும். தீவில் நிற்பவர்களுக்கு மணல் காய்ந்தே தெரியும். பாதி வழி வந்த பிறகுதான் முன்னால் தண்ணீர், பின்னாலும் தண்ணீர் என்று புரியும். மூன்றரை மணிக்கு நான் அடுத்த ஜன்னலுக்கு நகர்ந்துவிட்டேன். அது தெருப் பக்கம் பார்க்கிற ஜன்னல்.

மறுநாள் படகுக்காரர்கள் இரண்டு பேரையும் சேர்த்தே கண்டெடுத்தார்கள். பியர்ஸின் இடுப்புப் பட்டை தங்கையின் மணிக்கட்டில் கட்டியிருந்ததாம். அவன் விட்டுவிட்டு வரவில்லை.

இதுவரைக்கும் உனக்குத் தெரியாதது கொஞ்சம்தான். ஆனால் நான் வந்தது வேறு காரணத்துக்காக. மரண விசாரணையில் அந்த அதிகாரி என்ன சொன்னார்? "அறுபத்து நான்கு வயதுப் பெண்மணி, ஞாபகப் பிசகாக இருமுறை கூட்டிவிட்டார்." ஊரே என்னைப் பார்த்து உச்சுக்கொட்டியது. கடைக்காரி இறைச்சிப் பலகாரம் சுட்டுக்கொண்டு வந்து, "வயசானா யாருக்கும் வர்றதுதான், மனசை வருத்திக்காதீங்க" என்றாள். ஹெலனா என்னைக் கட்டிக்கொண்டு, மன்னித்துவிட்டதாகச் சொன்னாள். அட்டை எழுதுகிற வேலையைப் பஞ்சாயத்தில் வேறொருத்தியிடம் கொடுத்துவிட்டார்கள். அவளுக்கு அலையும் தெரியாது, அட்டையும் தெரியாது.

பிசகு என்றால் ஏழு நாளும் பிசகியிருக்காதா? அந்த ஒரு கேள்வியை நீயாவது கேட்டிருக்க வேண்டும், கெத்தின். அலை நேரத்தில் நான் ஒருநாளும் தவறியதில்லை. அன்றும் தவறவில்லை. நான் கணக்குப் போட்ட நிமிஷத்துக்கு ஓடை நிறைந்தது. எழுதிக்கொள்.

போன வாரம் ரூபர்ட் போன் செய்தார். அந்த வாசலை இனி மிதிக்க முடியாதாம். வீட்டை லொவ்ரியின் பேருக்கே எழுதி வைத்துவிட்டார். சாவி இதோ இருக்கிறது. லொவ்ரி வந்து பார்த்தாள். பின்கதவருகே வெறும் ஆணியையே ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு குழந்தையைத் தூக்கிக்கொண்டு, காப்பிகூடக் குடிக்காமல் பஸ் ஏறிவிட்டாள். அதற்குப் பிறகு போனை எடுப்பதில்லை.

வருவாள். நான் ஜன்னல்களைத் துடைத்து வைத்திருக்கிறேன். தொட்டிலை மாடி அறையில் போடச் சொல். அங்கிருந்து தீவு வரைக்கும் மணல் தெரியும், குழந்தைக்குப் பிடிக்கும். சாவியை நீயே ரெக்சமுக்குக் கொண்டுபோய்க் கொடுத்துவிடு. வாங்க மறுத்தால் மேசைமேல் வைத்துவிட்டு வா. அவள் வாய்விட்டுக் கேட்கிறவள் இல்லை. கேட்காமலேயே தெரிந்துகொண்டு செய்கிறவள்தானே அம்மா.