வத்தல் மூட்டைக்காரி விவசாயியா, வியாபாரியா?

எண்பதுகளின் தொடக்கம். சங்கரன்கோவிலிலிருந்து பனவடலிசத்திரம் போகும் பஸ்ஸில் எனக்கு முன் சீட்டில் இரண்டு பெண்கள் இருந்தார்கள். ஒருத்தியின் காலடியில் மிளகாய் வத்தல் மூட்டை. ஒழுங்குமுறை விற்பனைக்கூடத்துக்குக் கொண்டுபோய், விற்க முடியாமல் திரும்புகிறாள் என்பது பேச்சிலேயே தெரிந்தது.

“நான் விவசாயி இல்லையாம், மைனி. எங்க மாமனார்தான் விவசாயியாம்.”

“அவரு செத்து ஏழு வருசமாச்சே!”

“பட்டா அவரு பேர்லதான இருக்கு? சூப்பர்வைசர் அவரைக் கையெழுத்துப் போடச் சொல்லுதாரு.”

“செத்துட்டாருன்னு சொல்லலையா?”

“சொன்னேன். அப்பம் நீ வியாபாரி, அந்த வரிசைக்குப் போன்னுட்டாரு. போனா, அங்கன லைசென்ஸ் கேக்காவ. உழுது வெளைய வச்சவளுக்கு எதுக்குய்யா லைசென்ஸுன்னேன். அப்பம் நீ விவசாயி, இங்கன நிக்கப்படாதுங்காவ.”

“பொறவு நீ யாருதான்?”

“அதான் எனக்கும் பிடிபடல. மானம் வேற கருத்துக்கிட்டு வருது. நனைஞ்சா அம்புட்டும் பூசணம் பிடிச்சிரும்.”

கண்டக்டர் வந்து மூட்டையைத் தட்டினார்.

“இது யாருது?”

அவள் எழுந்தே நின்றுவிட்டாள். “எனக்குள்ளதுதான், அண்ணாச்சி. எங்க புஞ்சையில நானே வெளைய வச்சது. அதை ஒரு தாள்ல எழுதிக் கொடுக்கியளா? நாளைக்கு அந்த சூப்பர்வைசர்ட்ட காட்டணும்.”

கண்டக்டர் லக்கேஜ் டிக்கெட் ஒன்றைக் கிழித்து நீட்டினார். அவள் அதை முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்தாள்.

“இதுலயும் என் பேரு இல்லையே, மைனி.”