மூன்று பிடி மண்

இரவு பத்தேகால். இறந்தவர்களை அடக்கும் குறிஞ்சாக்கேணி மையவாடிக்குப் போகும் தெரு... ஒரு நாய்கூட இல்லை. களப்புப் பக்கமிருந்து சேற்று வாடை.

நம்ம கூட்டாளி சரீப்பின் மாமா ஸெய்னுதீன் தனியே போகிறார். எழுபத்தி நாலாம் ஆண்டு. மடியில் ஒரு சின்னப் போத்தல். சிரிக்கிறவர்கள் இப்போதே சிரித்துவிடுங்கள், பிறகு ஏலாது.

போத்தலுக்குள் இருந்தது அவருடைய மச்சான் ஆதம்பாவாவின் சிறுநீரகத் துணுக்கு. நூல் அளவுதான். அன்று காலை திருகோணமலையில், ஆஸ்பத்திரியில் எடுத்தது. ஆளைக் குப்புறப் படுக்கவைத்து, வயிற்றுக்குக் கீழே மணல்மூட்டை வைத்து, முதுகில் ஊசி ஏற்றினார்கள். டொக்டர் சிங்களவர், அவருக்குத் தமிழில் இரண்டே சொல். "பிடி" என்றால் மூச்சைப் பிடிக்கவேண்டும். அசைந்தால் ஊசி கிழித்துவிடும். டக்... "விடு" என்றால் விடலாம். ஸெய்னுதீன் வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்தார்.

"இண்டைக்கு இரவு மெயிலில நீங்களே கொழும்புக்குக் கொண்டுபோய்க் குடுங்கோ. இதைப் பாத்தால்தான் என்ன வருத்தம், என்ன மருந்து எண்டு தெரியும்," என்றார் நேர்ஸ் புஸ்பராணி.

ஆதம்பாவாவின் மனைவி மைமூனா, ஸெய்னுதீனின் தங்கை. அவள் விடவில்லை. "மனிசன்ட சதையப் போத்தல்ல போட்டு றெயில்ல அனுப்புறதா? அடக்கிப்போட்டு வாங்க காக்கா!" என்று அழுதாள். தங்கை அழுதால் தாங்காத மனுசன். களப்பைக் கடக்கும் கடைசிப் படகுப் பாதையில் ஏறித் தன் ஊர் கிண்ணியாவுக்கு வந்துவிட்டார்.

மையவாடி மூலையில் முழங்கை ஆழம் தோண்டினார். போத்தலை வைத்தார். மருந்து வாடை மூக்கில் ஏறியது. ஊரில் யார் இறந்து மையத்தை அடக்கினாலும், சனம் மூன்று பிடி மண் போடும்போது எண்ணிக் கொடுப்பவர் அவர்தான். அந்தப் பழக்கம் விடுமா?

"ஒரு பிடி..."

"ரெண்டு பிடி..."

"மூணு பிடி."

மண்ணுக்குள் யாரோ மூச்சை இழுத்தார்கள். ஹ்ஹ்... இழுத்த மூச்சு வெளியே வரவில்லை.

ஒரே ஒரு சொல் சொல்லியிருக்கலாம். பாவம், பயத்தில் ஓடினார்.

விடிய ஆஸ்பத்திரிக்குப் போனால் கட்டில் வெறுமை. புஸ்பராணி அழுதுகொண்டு நின்றார். "பத்தரைக்கு மூச்சைப் பிடிச்சவர்... 'விடுங்கோ, விடுங்கோ' எண்டு கத்தினன். விடேல்லை."

இரண்டு கிழமை கழித்துக் கொழும்பிலிருந்து கடிதம் வந்தது. புஸ்பராணிதான் வாசித்துச் சொன்னார். "குளிசை போட்டாலே சுகமாகிற வருத்தம்தான் இது..."

ஸெய்னுதீன் கடிதத்தைப் பறித்துப் பார்த்தார். "நான் அத மண்ணுக்குள்ள அடக்கிப்போட்டனே! ஆரு கொண்டுபோய்க் குடுத்த?"

அது கடிதத்தில் இல்லை. துணுக்கு எடுத்த மறுநாள் காலை ஏழு மணிக்குக் கையில் கிடைத்தது, போத்தலில் மணல் ஒட்டியிருந்தது என்று மட்டும் எழுதியிருந்தார்கள்.

அப்போதுதான் ஸெய்னுதீனுக்கு ஞாபகம் வந்தது. அன்று பகல் மையத்தைக் குளிப்பாட்டியது அவர்தான். ஆஸ்பத்திரி மணல்மூட்டை கிழிந்திருக்கும் என்று நினைத்துப் பேசாமல் கழுவிவிட்டாராம்... ஆதம்பாவாவின் பத்து நகத்துக்குள்ளும் மணல்.