இருபத்திரண்டு ஞாயிற்றுக்கிழமைகள்

எங்கள் வீட்டில் கடிகாரங்கள் ஐந்து. ஐந்தும் ஒரே நேரம் காட்டும். ஒரு காலத்தில் அம்மா மண்டபம் ரோட்டில் போகிறவர்கள் என் வீட்டு வாசலில் நின்று கைக்கடிகாரத்தைச் சரிசெய்துகொண்டு போவார்கள். செல்போன் வந்த பிறகு அந்த வழக்கம் குறைந்துவிட்டது. குறைந்துவிட்டது என்றால், நின்றுவிட்டது. ஆனாலும் ஒரு கடிகாரத்தை ஜன்னலில் தெருவைப் பார்த்தே வைத்திருக்கிறேன். யாருக்காவது தேவைப்படலாம்.

அறிவுமதி அம்மா, இந்த வழக்கில் நீங்கள் நீதிமன்றத்தின் ஆலோசகர். என் பதிவேட்டை முழுக்க வாசித்தவர் நீங்கள் ஒருவர்தான். அதனால் உங்களுக்கு எழுதுகிறேன். நானாகத்தான் எழுதுகிறேன். என் மனைவி அம்மணி செருப்பைப் போட்டுக்கொண்டு கைப்பையோடு வாசற்படியில் நிற்கிறாள். அதற்கும் இதற்கும் சம்பந்தமில்லை.

பெயர் ரெங்கநாதன், வயது எழுபத்தொன்று. முப்பத்தெட்டு வருஷம் ரயில்வேயில், வண்டிகளை நேரத்துக்கு ஓடவைக்கும் கட்டுப்பாட்டு அறையில் வேலை பார்த்தேன். ஓய்வுபெற்ற அன்று பேசிய ஒருவர், "ரெங்கநாதன் சார் தும்முறதுக்குக்கூட டைம்டேபிள் பார்ப்பார்" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். நான் அதைப் பாராட்டாக எடுத்துக்கொண்டேன். இன்றுவரை அப்படித்தான் வைத்திருக்கிறேன்.

பாலமுரளியும் உமாமகேஸ்வரியும் இங்கிலாந்தில் லெஸ்டரில் குடித்தனம் நடத்தி, அங்கேயே பிரிந்தவர்கள். உமா அங்கே நர்ஸ். மகள் யாழினிக்கு ஆறு வயது நடக்கும்போது, மூன்று வார லீவுக்கு என்று பாலமுரளி அவளை இங்கே பாலக்கரையில் உள்ள தன் வீட்டுக்கு அழைத்து வந்தான். திருப்பி அனுப்பவில்லை. அந்த ஊர் கோர்ட் அனுப்பு என்றது; இந்த ஊர் கோர்ட் பொறு, விசாரிக்கலாம் என்றது. அதுவரை குழந்தை தகப்பனிடம் இருக்கட்டும், பாஸ்போர்ட் சீல் வைத்த உறையில் கோர்ட்டில் இருக்கட்டும், தாயோடு ஞாயிறுதோறும் வீடியோவில் பேசட்டும் என்று உத்தரவு. பேச்சு ஒழுங்காக நடந்தால் மே மாத லீவில் குழந்தையைத் தாயிடம் அனுப்புவது பற்றிப் பரிசீலிக்கலாம். அந்த 'ஒழுங்காக' என்ற சொல்லுக்குள்தான் நான் வருகிறேன்.

குழந்தைக்குப் பக்கத்தில் உட்கார்ந்து சொல்லிக்கொடுக்கிறார்கள் என்று ஒருவர் மேல் ஒருவர் புகார் சொன்னதால், பேச்சு ஒரு பொது ஆள் வீட்டில் நடக்கவேண்டும், அவர் பார்த்து எழுதிவைக்கவேண்டும் என்றானது. பாலமுரளியின் அப்பாவும் உமாவின் அப்பாவும் எனக்குக் கீழே வேலை பார்த்தவர்கள். இருவரையும் ஒரே அளவு திட்டியிருக்கிறேன். அந்த நடுநிலைமை இரு தரப்புக்கும் பிடித்திருந்தது.

ஜூலை மாதம் சமரசப் பேச்சில் நேரம் குறித்தார்கள். லண்டன் மணி என்ன என்று இரண்டு வக்கீல்களும் செல்போனைத் துழாவினார்கள். நான் எதையும் பார்க்காமல் சொன்னேன்: "நாலரை மணி நேர வித்தியாசம். இங்க சாயங்காலம் நாலரைன்னா அங்க பகல் பன்னெண்டு." ஒரு வக்கீல் போனைக் கீழே வைத்துவிட்டு, "சாரே சொல்லிட்டாரு, எழுதிக்கங்க" என்றார். இரண்டு நேரமும் உத்தரவில் ஏறின. அன்று வீட்டுக்கு வந்து அம்மணியிடம் இதை இரண்டு தடவை சொன்னேன். இரண்டாம் தடவை அவள், "சர்க்கரை போதுமா?" என்று கேட்டாள்.

அக்டோபர் வரை எல்லாம் ஒழுங்காக நடந்தது. நாலு இருபத்தைந்துக்குப் பாலமுரளியின் வண்டிச் சத்தம் கேட்கும். அவன் தெருமுனை டீக்கடையில் காத்திருப்பான். நாலரைக்கு டேப்லெட் மணியடிக்கும். உமா உட்காரும் இடத்துக்குப் பின்னால் சுவரில் குழந்தையின் மஞ்சள் மழைக்கோட்டு மாட்டியிருக்கும். யாழினி முதல் வேலையாக, "கோட்டு இருக்காம்மா?" என்று கேட்பாள். உமா நகர்ந்து காட்டுவாள். பிறகுதான் மற்றப் பேச்சு. ஐந்து மணிக்கு நான் தொண்டையைச் செருமுவேன். "வாச்சுத் தாத்தா டயம்" என்று குழந்தை சொல்லும், இரண்டு பேரும் சிரிப்பார்கள். நான் பதிவேட்டில் எழுதுவேன்: 4.30 அழைப்பு. 5.00 நிறைவு. குழந்தை மகிழ்ச்சி.

இங்கிலாந்தில் வருஷத்துக்கு இரண்டு முறை கடிகாரத்தை மாற்றுகிறார்கள். அக்டோபர் கடைசி ஞாயிறு ஒரு மணி நேரம் பின்னால் வைப்பார்கள். மார்ச் கடைசி ஞாயிறு திரும்ப முன்னால். குளிர்காலத்தில் அங்கே பகல் பன்னிரண்டு என்றால் இங்கே நாலரை இல்லை, ஐந்தரை. இது பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்குக்கூடத் தெரியும் என்கிறார்கள். எனக்குத் தெரியாது.

அந்த அக்டோபர் ஞாயிறு குழந்தை நாலரைக்கு உட்கார்ந்தாள். டேப்லெட் அடிக்கவில்லை. ஐந்துக்கு எழுந்து போனாள். நான் எழுதினேன்: 4.30 குழந்தை ஆஜர். தாய் அழைப்பு இல்லை. 5.00 குழந்தை புறப்பாடு. மை காய்ந்த பிறகு, சரியாக ஐந்தரைக்கு டேப்லெட் அடித்தது.

எனக்கு அரை நிமிஷத்தில் விளங்கிவிட்டது. அப்போது பாலமுரளி காவிரிப் பாலத்தைத் தாண்டியிருக்கலாம், அவ்வளவுதான். ஒரு போன் செய்தால் திரும்பியிருப்பான். ஆனால் வரியை எழுதியாகிவிட்டது. நாங்கள் வேலை பழகிய விதத்தில், பதிவேட்டில் எழுதியதை அழிக்கக் கூடாது. கோடு போட்டு அடித்து, பக்கத்தில் காரணம் எழுதி, கையெழுத்துப் போடவேண்டும். காரணம்: என் கணக்கு தவறு. முப்பத்தெட்டு வருஷத்தில் பிறர் பதிவேட்டில் அப்படி எழுத வைத்திருக்கிறேன். என் பதிவேட்டில் ஒரு தடவைகூட எழுதியதில்லை. பேனாவைத் திறந்தேன். மூடினேன். உமாவிடம், "குழந்தை கிளம்பிட்டாம்மா, அடுத்த வாரம் பேசிக்கலாம்" என்றேன்.

அடுத்த வாரம் சரிசெய்திருக்கலாம். பாலமுரளியை ஐந்தரைக்கு வரச் சொன்னால் ஏன் என்று கேட்பான். ஏன் என்று சொன்னால் போன வாரத்து வரி என்ன ஆவது? அந்த வரிக்குத் துணையாக இன்னொரு வரி எழுதினேன். 4.30 ஆஜர். அழைப்பு இல்லை. 5.00 புறப்பாடு.

அன்று ஐந்தரைக்கு உமா கேட்டாள்: "அங்கிள், இங்க போன வாரம் கடிகாரத்த ஒரு மணி நேரம் பின்னாடி வச்சாங்க. அதுல ஏதாவது குழப்பமா இருக்குமோ?"

விடையை அவளே கொண்டுவந்து என் கையில் கொடுத்தாள். நான் வாங்கிக்கொள்ளவில்லை.

"நேர விஷயத்த என்கிட்ட விட்டுரும்மா. குழந்த வந்தா, உக்காந்தா. பேசமாட்டேன்னுட்டா."

"ஏன் அங்கிள்? ஏதாவது சொன்னாளா?"

"கொழந்தைங்கதானே. வற்புறுத்தாத. தானா வருவா."

அவள் நல்ல பெண். வற்புறுத்தவில்லை. குழந்தையைக் கட்டாயப்படுத்த வேண்டாம் என்று தன் வக்கீலிடமும் சொல்லிவிட்டாள். நடந்ததில் எனக்கு மிகவும் உதவியாக இருந்தது அவளுடைய அந்தக் குணம்தான்.

அம்மணி ஞாயிறு நாலு மணிக்குக் கோயிலுக்குப் போனால் ஆறேகாலுக்குத்தான் வருவாள். ஆகவே ஐந்தரை மணிக்கு நானும் டேப்லெட்டும் மட்டும்தான் இருந்தோம்.

டிசம்பரில் யாழினிக்கு முன்பல் விழுந்தது. அம்மாவிடம் காட்ட அதை ஒரு மாத்திரை டப்பாவில் போட்டுக் கொண்டுவந்தாள். டேப்லெட்டுக்கு எதிரே டப்பாவைத் திறந்துவைத்துக்கொண்டு அரைமணி நேரம் உட்கார்ந்திருந்தாள். மூன்று வாரம் கொண்டுவந்தாள். நாலாம் வாரம் டப்பாவைக் காணோம். நான் கேட்கவில்லை. பொது ஆள் கேட்கக்கூடாது என்று விதி.

பொங்கலுக்குப் பிறகு ஒரு நாள் கேட்டாள்: "தாத்தா, என் கோட்ட யாருக்காவது குடுத்திருப்பாங்களா?"

"தெரியலம்மா" என்றேன்.

எனக்குத் தெரியும். அதற்கு முந்தின ஞாயிறு ஐந்தரைக்குப் பார்த்தேன். அங்கேயேதான் மாட்டியிருந்தது.

இப்படி இருபத்திரண்டு ஞாயிறு. பதிவேட்டைப் புரட்டிப் பாருங்கள்: பொய்யான ஒரு சொல் கிடையாது. நாலரைக்குக் குழந்தை வந்தாள். நாலரைக்கு அழைப்பு வரவில்லை. ஐந்துக்குப் போனாள். பொய்யை எல்லாம் வாயால் மட்டும்தான் சொன்னேன்.

மார்ச் கடைசி ஞாயிறு அவர்கள் கடிகாரத்தை முன்னால் வைத்தார்கள். எதுவும் செய்யாமலே எல்லாம் சரியாகிவிட்டது. நாலரைக்கு டேப்லெட் அடித்தது. யாழினி நாற்காலியில் இருந்தாள். ஏதோ கரப்பான் பூச்சியைப் பார்த்ததுபோல அதைப் பார்த்தாள். "எடும்மா" என்றேன். நாற்காலியிலிருந்து இறங்கினாள். வாசலுக்குப் போய்த் தன் செருப்புக்குப் பக்கத்தில் நின்றுகொண்டாள்.

நான்தான் எடுத்தேன். திரை முழுக்க மஞ்சளாக இருந்தது. உமா அந்தக் கோட்டைக் காமிராவுக்கு முன்னால் பிடித்துக்கொண்டு, அதற்குப் பின்னால் ஒளிந்திருந்தாள். ஏழு வயதுக் குழந்தையோடு விளையாடுவதற்கு.

"பேசமாட்டேங்குறாம்மா" என்றேன்.

கோட்டு மெதுவாகக் கீழே இறங்கியது. "தெரியும் அங்கிள். நீங்கதான் மொதல்லேர்ந்தே சொல்றீங்களே."

பதிவேட்டில் எழுதினேன்: 4.30 அழைப்பு வந்தது. குழந்தை பேச மறுப்பு. அறிவுமதி அம்மா, உங்களிடம் ஒன்றை மறைக்காமல் சொல்லவேண்டும். ஐந்து மாதமாகத் தாயிடம் நான் சொல்லிவந்த பொய் அன்று உண்மையாகிவிட்டது. அந்த வரியை எழுதும்போது எனக்கு நிம்மதியாக இருந்தது. அதை நினைத்தால்தான் இப்போது கண்ணாடி பார்த்துச் சவரம் செய்ய முடியவில்லை.

ஏப்ரல் விசாரணையில் உமா திரையில் வந்தாள். "நான் ஒரு வாரம்கூட விடாம கூப்பிட்டேன்" என்றாள். நீதிபதி என்னைக் கேட்டார். "உத்தரவில் உள்ள மாலை நாலரை மணிக்கு அழைப்பு வரவில்லை" என்றேன். உமா மறுத்துப் பேசுவதற்குள் நீதிபதி பதிவேட்டைப் புரட்டத் தொடங்கிவிட்டார். திரையில் இருப்பவர் யாரைப் பார்க்கிறார் என்று சொல்ல முடியாது என்பது எனக்கு வசதியாக இருந்தது. அக்கறை காட்டாத தாய், பேச மறுக்கும் குழந்தை. மே மாத மனு தள்ளுபடி. வாரச் சந்திப்பு மாதம் ஒன்றாகக் குறைந்தது. உத்தரவில் என்னைப் பற்றியும் ஒரு வரி இருந்தது: 'திரு. ரெங்கநாதனின் நேரந்தவறாத, பாரபட்சமற்ற பதிவு பாராட்டுக்குரியது.'

அந்தப் பக்கத்தைக் கண்ணாடிச் சட்டம் போட்டுக் கூடத்துக் கடிகாரத்துக்குக் கீழே மாட்டினேன். இதையும் எழுதியாக வேண்டும்.

நேற்று மத்தியானம் அம்மணி ஏதோ உபன்யாசம் கேட்கலாம் என்று டேப்லெட்டை எடுத்திருக்கிறாள். கை தவறி அழைப்புப் பட்டியல் திறந்துகொண்டது. வெகுநேரம் தள்ளித் தள்ளிப் பார்த்தாள். பிறகு என்னிடம் வந்து கேட்டாள்.

"இந்தப் பொண்ணு அஞ்சு மாசம் ஒரு ஞாயித்துக்கெழம விடாம அஞ்சரைக்குக் கூப்பிட்டிருக்கு. நீங்க கூப்பிடலன்னு எழுதிருக்கீங்க."

"நாலரைக்குக் கூப்பிடல."

அம்மணி ஐந்து கடிகாரங்களையும் ஒவ்வொன்றாகப் பார்த்தாள். "பல்லு டப்பாவோட அந்தக் கொழந்த வருதுன்னு நீங்கதானே சொன்னீங்க எங்கிட்ட. மனசு அடிச்சுக்கவேயில்லையா உங்களுக்கு?" என்றாள். நான் பதில் சொல்வதற்குள், "எழுதித் தரீங்களா, நானே போய்ச் சொல்லட்டுமா?" என்று கேட்டாள்.

எழுதித் தருகிறேன். உமாமகேஸ்வரி தவறாமல் அழைத்தாள். யாழினி தவறாமல் காத்திருந்தாள். அம்மா கூப்பிடவில்லை என்று மகளிடமும், மகள் பேச மறுக்கிறாள் என்று அம்மாவிடமும் சொன்னவன் நான். நீதிமன்றத்தில் தெரிந்தே ஏமாற்றினேன். குழந்தையைக் கடத்திவிடக் கூடாது என்று பாஸ்போர்ட்டுக்குச் சீல் வைத்தீர்கள், எல்லைக்குக் காவல் வைத்தீர்கள். நான் அவளை நாற்காலியை விட்டு நகர்த்தாமலே கொண்டுபோய்விட்டேன். பாலமுரளிக்கு இதில் பங்கில்லை. அவன் டீக்கடையில் இருந்தான். அழைப்புப் பட்டியலோடு டேப்லெட்டையும் இத்துடன் அனுப்புகிறேன். மனுவைத் திரும்ப எடுத்து விசாரிக்க இது போதும் என்று நம்புகிறேன். குழந்தைக்கு எப்படிச் சொல்வது என்பது எனக்குத் தெரியவில்லை. அது உங்கள் வேலை என்பதில் எனக்குக் கொஞ்சம் ஆறுதல்.

தண்டனை எதுவானாலும் சரி. வெட்கத்தோடு கையெழுத்திடுகிறேன். அம்மணி சட்டத்தைக் கழற்றிவிட்டாள். சுவரில் ஆணி மட்டும் இருக்கிறது.

ஒரே ஒரு வேண்டுகோள். புதிய உத்தரவு எழுதும்போது, மாறியது இங்கிலாந்துக் கடிகாரம்தான், என்னுடையது ஒரு நிமிஷம்கூடத் தவறவில்லை என்பதை எங்காவது ஒரு வரியில் குறிப்பிட முடியுமா என்று பாருங்கள்.